வடசென்னையில் ஒருநாள் பண்பாட்டு வரலாற்றுப் பயணம்: எங்கே நின்று, என்ன, எவ்வளவு நேரம் பேசலாம்?

மாலதி_தமிழ்த்துறை

வணக்கம். முதுகலைத் தமிழ், வரலாறு மாணவர்கள் 42 பேரை ஒரு ஞாயிற்றுக்கிழமை வடசென்னைக்கு அழைத்துப் போகிறோம். விளக்கவுரை முழுக்க என் பொறுப்பு. இப்போதைக்கு வரிசை இப்படி: காலை 8 மணிக்குப் பேருந்து. பாரிமுனை, ஆர்மீனியன் தேவாலயம், காளிகாம்பாள் கோயில், கந்தகோட்டம், ராயபுரம் ரயில் நிலையம், காசிமேடு, கடைசியில் திருவொற்றியூர். இடத்துக்கு 40 நிமிட உரை எழுதி வைத்திருக்கிறேன்.

வகுப்பில் பேசுவதும் தெருவில் நின்று பேசுவதும் ஒன்றல்ல என்று தெரிகிறது. எங்கே மாற்ற வேண்டும் என்பதுதான் பிடிபடவில்லை. வரிசையும் நேரமும் சரிதானா? 42 பேருக்கும் கேட்கும்படி பேச என்ன கருவி எடுத்துப் போகலாம்? இன்னொன்று, இதுதான் முக்கியம்: தலபுராணம், வாய்மொழி வழக்கு, கல்வெட்டு, கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணம் எல்லாம் ஒரே இடத்தில் பின்னிக் கிடக்கின்றன. கேட்பவர் குழம்பாமலும் அந்த இடத்து மக்கள் மனம் நோகாமலும் எப்படிப் பிரித்துச் சொல்வது? திட்டத்தில் குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.


கொண்டித்தோப்பு_குமரன்

மேடம், முதலில் கணக்கு. 7 இடம், 40 நிமிடம் என்றால் பேச்சு மட்டுமே 4 மணி 40 நிமிடம். 42 பேர் கொண்ட கூட்டம் ஜார்ஜ் டவுன் தெருவில் ஒரு கிலோமீட்டர் நடக்க 25 நிமிடம் ஆகும். சாலை கடக்க, செருப்பு விட, செருப்பு எடுக்க என்று இடத்துக்கு 10 நிமிடம் தனியாகப் போகும். கோயில்களில் 12 மணிவாக்கில் நடை சாத்திவிடுவார்கள், பிறகு சாயங்காலம் 4 மணி. உங்கள் வரிசைப்படி போனால் திருவொற்றியூர் வாசலில் மத்தியான வெயிலில் பூட்டிய கதவுக்கு முன்னால்தான் நிற்பீர்கள்.

அதனால் வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள். காலை 6.30 மணிக்குத் திருவொற்றியூர். பேருந்து வேண்டாம். எண்ணூர் விரைவுச்சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி வரிசை எந்த நேரத்தில் எவ்வளவு நீளும் என்று யாராலும் சொல்ல முடியாது. அங்கே ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் நாள் முழுக்கக் கெட்டுவிடும். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் நடக்கிற தூரம்தான். 8.45-க்கு அங்கிருந்து கிளம்பி, அதே தடத்தில் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்குங்கள். மேலே ஏறினால் பாரிமுனை. இதில் இன்னொரு லாபமும் உண்டு. நாளின் நடுவில் எல்லாருக்கும் உட்கார இடம் கிடைக்கும், நிலையத்தில் கழிப்பறையும் உண்டு. ஜார்ஜ் டவுன் தெருக்களில் கூட்டத்துக்குக் கழிப்பறை தேடுவது பெரும்பாடு. குறிப்பாகப் பெண்கள் அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் வந்து வெயிலில் மயங்குவார்கள். இதை முதல் அறிவிப்பிலேயே சொல்லிவிடுங்கள்: எந்த நிலையத்தில், எத்தனை மணிக்கு.

ஜார்ஜ் டவுனுக்கு ஞாயிறு நல்ல நாள். தம்புச் செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெருவில் லோடு இறக்கும் வண்டிகள் இருக்காது, நின்று பேசலாம். ஆனால் அதே ஞாயிறு காசிமேட்டுக்கு ஆகாது. வாரத்திலேயே மீன் வாங்க வருகிற கூட்டம் அன்றுதான் அதிகம். ஏலம் நடக்கிற இடத்தில் 42 பேர் வட்டம் போட்டு நின்றால் கூடை தூக்குகிறவர்களுக்கு வழி மறிக்கும். அது அவர்களுடைய பிழைப்பு நேரம். காசிமேட்டை எடுத்துவிடுங்கள். ராயபுரம் ரயில் நிலையத்தை வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைசியில், விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் ஆர்மீனியன் தேவாலயத்தில் இப்போது வழக்கமான வழிபாடு இல்லை, பராமரிப்பாளர் திறந்துவைக்கும் நேரத்தில்தான் பார்க்க முடியும். ஞாயிறு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முந்தின நாளே நேரில் போய்க் கேட்டுவிட்டு, அதற்கேற்றபடி அந்த இடத்தை முன்னே பின்னே நகர்த்துங்கள்.

42 பேரை 7 பேர் கொண்ட 6 குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு இடத்திலும் தலை எண்ணக்கூடாது. குழுத்தலைவர் ஆறு பேரும் "ஏழு" என்று குரல் கொடுத்தால் போதும், 20 நொடியில் முடியும். கடைசி ஆளாக வருகிறவர் நீங்கள் அல்லாமல், வழி தெரிந்த வேறொருவராக இருக்கட்டும்.


வெட்டெழுத்து

குமரன் சொன்ன வரிசை சரி. திருவொற்றியூருக்கு முழுதாக 2 மணி நேரம் கொடுங்கள். வடசென்னையில் கல்லும் பாட்டும் சடங்கும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிற இடம் இதைப்போல வேறில்லை. அங்கே 40 நிமிட உரை ஒன்றுகூட வேண்டாம். ஆறேழு நிமிடமாக நாலு இடத்தில் நில்லுங்கள்.

முதல் இடம் ஆதிபுரீசுவரர் கருவறையின் பின்பக்கம். உள்ளே நுழைந்ததும் வரலாறு தொடங்குகிறவர்கள்தான் அதிகம். அது தப்பு, அங்கே தரிசனக் கூட்டம் போய் வரும், பார்க்கவும் ஒன்றும் இல்லை. சுற்றில் வலமாக நடந்து கருவறையின் பின்புறம் வாருங்கள். சுவர் நேராகப் போகாமல் அரைவட்டமாக வளையும். இதுதான் தூங்கானை மாடம், படுத்திருக்கும் யானையின் பின்பக்கம் போன்ற வடிவம். பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிடம் சும்மா இருந்து, "இந்தச் சுவரில் என்ன வித்தியாசம்?" என்று மட்டும் கேளுங்கள். யாராவது ஒருவர் வளைவைக் கையால் காட்டுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற ஒவ்வொரு சொல்லும் ஒட்டும். கல்லால் ஆன இந்த விமானம் முதலாம் இராசேந்திரன் காலத்தது. கட்டிய தச்சனின் பெயரைக் கல்வெட்டே சொல்கிறது: இரவி என்பவன், வீரசோழத் தச்சன் என்று பட்டம் பெற்றவன். அரசன் பெயர் எல்லாக் கோயிலிலும் கிடைக்கும். தச்சன் பெயர் கிடைப்பது அபூர்வம். அதை அந்தச் சுவருக்கு எதிரே நின்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, கல்வெட்டு வாசிப்பு. இங்கேதான் பயணங்கள் வழக்கமாகச் சொதப்பும். ஆசிரியர் மனப்பாடமாகப் படித்துக்கொண்டே போவார், மாணவர் கல்லைப் பார்த்துத் தலையாட்டுவார், ஒரு எழுத்துகூடத் தெரிந்திருக்காது. ஒரே ஒரு வரி போதும். இராசேந்திரன் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பகுதி, "திருமன்னி வளர" என்று தொடங்கும். இந்த இரண்டு சொல்லின் சோழர் கால எழுத்துருவையும் இன்றைய எழுத்தையும் கீழும் மேலுமாக அச்சடித்துக் கையில் கொடுங்கள். 12 எழுத்து கொண்ட அட்டவணை ஒன்று பின்பக்கத்தில். முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவைக்க வேண்டும்: புள்ளி பெரும்பாலும் இருக்காது, எகர ஏகார வேறுபாடு எழுத்தில் தெரியாது, துணைக்காலும் (ா) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த மூன்றும் தெரியாவிட்டால் வாசிக்கிறவர் முதல் சொல்லிலேயே நின்றுபோவார். தெரிந்தால் 10 நிமிடத்தில் நாலைந்து சொல் தாமாகவே எழுத்துக்கூட்டிவிடுவார்கள்.

நீங்கள் ஒரு வாரம் முன்பே தனியாகப் போய், எந்தப் பட்டியில் எழுத்து தெளிவாக இருக்கிறது, எங்கே சுண்ணாம்பும் எண்ணெயும் ஏறி மூடியிருக்கிறது என்று பார்த்து வையுங்கள். பக்கவாட்டு வெளிச்சம் வேண்டும். காலைச் சாய்வு வெயில் படாத இடத்தில், கைவிளக்கைக் கல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் வெட்டின் பள்ளத்தில் நிழல் விழும், எழுத்து எழுந்து நிற்கும். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. மாவு, சாக்கட்டி, விபூதி எதையும் தடவ விடாதீர்கள். தடவத் தடவக் கல்லின் மேல்தோல் தேயும், பிறகு வருகிறவருக்குப் படிக்க மிஞ்சாது.

மூன்றாவது, சதுரானன பண்டிதர். இராட்டிரகூட மன்னன் கன்னரதேவன் காலத்து வடமொழிக் கல்வெட்டு அவர் கதையைச் சொல்கிறது. கேரளத்தைச் சேர்ந்த வல்லபன், சோழ இளவரசன் இராசாதித்தனின் நண்பன். 949-ல் தக்கோலப் போரில் இராசாதித்தன் இறந்தபோது உடன் நின்று உயிர்விட முடியவில்லையே என்று மனம் வெறுத்துத் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இந்த ஊர் மடத்துக்குத் தலைவரானார். தோற்ற பக்கத்து வீரன் ஒருவனின் துயரம், வென்ற பக்கத்து அரசனின் ஆட்சியாண்டு போட்ட கல்லில் இருக்கிறது. இதைவிட ஒரு வரலாற்று மாணவருக்கு என்ன வேண்டும்? கால மயக்கம் மட்டும் வரக்கூடாது. மாணவர்கள் இப்போதுதான் இராசேந்திரனைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். "இது அதற்கும் அறுபது எழுபது ஆண்டு முந்தையது" என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

நாலாவது மகிழமரம். பெரியபுராணத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் சங்கிலியார் கதை வருகிறது. பிரியேன் என்று சன்னதியில் சத்தியம் செய்யச் சுந்தரருக்கு மனமில்லை. அந்த நேரத்துக்கு மட்டும் மகிழடிக்குப் போய் இருக்கும்படி சிவனைக் கேட்டுக்கொள்கிறார். சிவனோ சங்கிலியாரிடம், "மகிழடியிலேயே சத்தியம் கேள்" என்று சொல்லிவிடுகிறார். பாட்டு இரண்டை ராகம் போட வேண்டாம், சீர் பிரித்து நிதானமாக வாசியுங்கள். வாசித்துவிட்டு, மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று இந்தச் சத்தியம் இன்றும் நடத்தப்படுவதைச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டு நூலும் இந்த ஆண்டு விழாவும் ஒரே மரத்தடியில்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு இந்த இடமே பதில். அடிப்படையில் மூன்று சொல்லை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மாறாமல் பயன்படுத்துங்கள்: "கல் சொல்கிறது", "ஏடு சொல்கிறது", "ஊர் சொல்கிறது". ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் இதில் ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் செய்தியே சொல்ல வேண்டும். "உண்மையில்", "வெறும் கதை", "நம்பிக்கைதான்" ஆகிய சொற்களைத் தொடவே வேண்டாம். பக்கத்தில் விளக்கேற்றிக்கொண்டு நிற்கிற அம்மாவுக்கு அது காதில் விழும். மூன்று தலைப்பையும் சொல்லிப் பழக்கிவிட்டால், ஜார்ஜ் டவுனுக்கு வருவதற்குள் மாணவர்களே "இது ஊரா, ஏடா?" என்று கேட்பார்கள்.

அனுமதி: கோயில் செயல் அலுவலருக்கு மூன்று வாரம் முன்பே துறையின் முத்திரைத் தாளில் கடிதம் கொடுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், பேசப்போகிறவர் பெயர், "ஒலிபெருக்கி இல்லை, படப்பிடிப்பு இல்லை" என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரிதான் வேலையை எளிதாக்கும். முத்திரை வாங்கிய நகலைக் கையில் வைத்திருங்கள், காலை 6.30 மணிக்கு வாசலில் இருப்பவர் வேறு ஆளாக இருப்பார்.


ஒலிபெருக்கி_ரவி

கருவி பற்றி மட்டும் சொல்கிறேன்.

கோயிலுக்குள் கருவியே கூடாது. 42 பேரை 21, 21 ஆகப் பிரியுங்கள். ஒரு பாதி உங்களிடம் கேட்கும்போது இன்னொரு பாதி கல்வெட்டு அட்டவணையோடு தேடிக்கொண்டிருக்கட்டும், 7 நிமிடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். 21 பேர் இரண்டு பிறை வரிசையாக, முன்வரிசை உட்கார்ந்து பின்வரிசை நின்றால் குரலை உயர்த்தாமலே எட்டும்.

தெருவுக்கு, இடுப்பில் கட்டுகிற ஸ்பீக்கரும் தலையில் மாட்டுகிற மைக்கும். வாடகைக்கும் கிடைக்கும். மைக் வாய்க்கு நேராக இருக்கக்கூடாது, மூச்சு "புஃப்" என்று விழும். வாயின் ஓரத்தில், கன்னத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி இருக்க வேண்டும். பஞ்சு உறை கழன்றால் கடற்காற்று இரைச்சல் முழுக்க உள்ளே போகும், மாற்று உறை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். "கீ" என்று கத்துவதற்குக் காரணம் ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் நுழைவது. நீங்கள் சுவரைப் பார்த்து நின்றாலோ ஸ்பீக்கரைக் கழுத்து உயரத்துக்குத் தூக்கினாலோ அது வரும். சுவருக்கு முதுகு காட்டி, ஸ்பீக்கர் வயிற்றுக்குக் கீழே வெளிநோக்கி இருந்தால் வராது. சத்தத்தைக் கூட்டுவதைவிட ஆட்களை நெருக்கி நிறுத்துவதுதான் பலன் தரும்.

நிற்கிற முறை: கட்டடத்துக்கு முன்னால் நீங்கள் நிற்காதீர்கள், எல்லாரும் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கட்டடத்துக்கு எதிர்வாடை நிழலில் மாணவர்கள், அவர்களுக்குப் பக்கவாட்டில் நீங்கள். வெயில் யார் கண்ணிலாவது விழுந்துதான் ஆகும் என்றால் உங்கள் கண்ணில் விழட்டும். பேருந்து ஹாரன் அடித்தால் போட்டி போடாமல் நிறுத்திவிடுங்கள், அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குங்கள்.

எழுதிய உரைக்கு ஒரு கணக்கு: தெருவில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 சொல்லுக்கு மேல் போகாது. 7 நிமிடம் என்றால் 630 சொல். உங்கள் 40 நிமிட உரை சுமார் 3,600 சொல் இருக்கும். ஆறில் ஒரு பங்குதான் தெருவுக்கு. மீதியைப் பயணத்துக்கு முந்தின வாரம் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். அதுதான் அதற்கு இடம்.


மாலதி_தமிழ்த்துறை

எல்லாருக்கும் மிகுந்த நன்றி. காசிமேட்டை எடுத்துவிட்டேன், உரைகளை வெட்டத் தொடங்கிவிட்டேன். ஜார்ஜ் டவுனில் எதை வைப்பது, எதை விடுவது என்றும் சொல்லுங்கள். ஊர்ப்பெயர்க் காரணங்கள் நிறையச் சேர்த்திருக்கிறேன்: காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை. மாணவர்களுக்கு அவை பிடிக்கும் என்று எண்ணம்.


ஏடும்_தெருவும்

பெயர்க் காரணம் பிடிக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் ஆண்டோடு உரசிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

தண்டையார்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபு வாழ்ந்ததால் "தொண்டியார்பேட்டை" என்பது வடசென்னை முழுக்கச் சொல்லப்படுகிற காரணம். அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வாழ்ந்தவர். ஆனால் 1693-ல் எழும்பூர், புரசைவாக்கத்தோடு சேர்த்துக் கம்பெனிக்குக் கிடைத்த ஊர்களில் தண்டையார்பேட்டையும் ஒன்று. அதாவது அவர் பிறப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டுக்கு முன்பே பெயர் ஏட்டில் ஏறிவிட்டது. இதை மாணவர்களுக்கு முடிவாகச் சொல்லாதீர்கள். இரண்டு ஆண்டையும் கொடுத்துவிட்டு அவர்களையே கேளுங்கள். பெயர் முந்தியது என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு, ஊர் ஏன் ஒரு சூஃபிக் கவிஞரைத் தன் பெயருக்குள் கொண்டுவந்து வைத்துக்கொண்டது என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விதான் பண்பாட்டு வரலாறு. அவர் தர்காவும் பாடல்களும் எவ்வளவு ஆழமாக இந்தப் பகுதியில் இறங்கியிருக்கின்றன என்பதற்கு அந்தப் பெயர்க் காரணமே சான்று.

காலடிப்பேட்டைக்கு நேர்மாறு. 1717 முதல் 1720 வரை ஆளுநராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களுக்காக ஏற்படுத்திய பேட்டை, காலட்பேட்டை. தமிழ் வாய் அதைக் காலடி ஆக்கியது. ஆக்கியபின் காலடிக்குப் பொருத்தமாக ஒரு பக்திக் கதையும் அங்கே உள்ள வரதராசப் பெருமாள் கோயிலோடு சேர்ந்து வளர்ந்தது. ஆர்மீனியன் தெரு அரண்மனைக்காரன் தெருவானதும் இதே வழிதான். மெட்ரோ காலடிப்பேட்டை நிலையத்தில் நிற்கும்போது பெட்டிக்குள் அறிவிப்பு ஒலிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கிற ஏழெட்டுப் பேருக்கு இதைச் சொன்னால் போதும், அவர்கள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொள்வார்கள். ராயபுரத்துக்கு இராயப்பர், வண்ணாரப்பேட்டைக்குத் துணி வெளுப்பவர்கள் என்று கைத்தாளில் ஆளுக்கு ஒரு வரி போதும்.

ஜார்ஜ் டவுனில் நான் வைக்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது, ஏன் புனித ஜார்ஜ் கோட்டையை ஒட்டி இல்லை? எல்லா இடத்தையும் அந்தக் கேள்வியில் கோத்துவிடலாம்.

பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக ஒரு கல்தூண் நிற்கிறது. நிறையப் பேர் கடந்து போவார்கள், கவனிக்க மாட்டார்கள். 1773-ல் நட்ட எல்லைத் தூண்களில் மிஞ்சியது. அதன் பக்கத்தில் நின்று தெற்கே உயர் நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கறுப்பர் நகரம், அதாவது கோட்டைக்கு வெளியே இந்தியர்கள் குடியிருந்த ஊர், அந்தப் பக்கம்தான், கோட்டை மதிலை ஒட்டி இருந்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள், 1749-ல் திருப்பிக் கொடுத்தார்கள். வீடுகள் மதிலுக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்தால் எதிரிக்கு மறைவிடம் ஆகிறது என்று தெரிந்துபோய், அந்த நகரத்தையே இடித்துத் திடலாக்கினார்கள். பீரங்கிக் குண்டு தடையில்லாமல் போக வெட்டவெளி. அந்த வெளியின் ஓரத்தைக் குறிக்கத்தான் தூண், அதற்கு அப்பால் கட்டடம் கூடாது. ஊர் வடக்கே தள்ளிப்போனது. நாம் நிற்கிற ஜார்ஜ் டவுன் அப்படி வந்தது. 1892-ல் உயர் நீதிமன்றம் எழுந்தது பழைய நகரத்தின் மேல். இதைச் சொல்லும்போது கையில் பழைய நிலப்படம் வேண்டும்: ஏ3 அளவில், பழைய ஊர் சிவப்பு, இன்றைய தெரு கறுப்பு, பிளாஸ்டிக் உறை போட்டு நாலு படி. செல்போனில் அனுப்பினால் வெயிலில் ஒன்றும் தெரியாது, ஆளாளுக்குத் திரையில் வேறு எதையோ பார்ப்பார்கள்.

தூணிலிருந்து தம்புச் செட்டித் தெருவுக்குள் காளிகாம்பாள். கோட்டைப் பகுதியில் இருந்து இங்கே வந்த கோயில் என்பது வழக்கு. 1677 அக்டோபரில் சிவாஜி இங்கே வழிபட்டார் என்று கோயிலில் எழுதியிருக்கிறது. அது "ஊர் சொல்கிறது". அதே ஆண்டு சிவாஜி படையோடு இந்தப் பக்கம் வந்ததைக் கோட்டைப் பதிவுகள் சொல்கின்றன, அது "ஏடு சொல்கிறது". இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள், ஒட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். பாரதி சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் இங்கே வந்ததையும் ஒரு வரியில் சொல்லலாம்.

அடுத்தது தேவாலயம். இன்றுள்ள கட்டடம் 1772-ஐச் சேர்ந்தது. முற்றத்திலும் தாழ்வாரத்திலும் கல்லறைக் கற்கள் தரையோடு பதிந்திருக்கும், மேலே நடக்கவிடாதீர்கள். உலகத்திலேயே முதல் ஆர்மீனிய இதழ் 'அஸ்தரார்' 1794-ல் சென்னையில்தான் அச்சானது. அதை நடத்திய பாதிரியார் ஷ்மாவோனியன் இங்கே அடக்கமாகியிருக்கிறார். ஒரு மொழியின் இதழியல் பிறந்த ஊர் இது என்பதைத் தமிழ் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு பிராட்வே, அதாவது பிரகாசம் சாலை. கடக்கும் முன் 3 நிமிடம் நில்லுங்கள். இது முன்னே ஒரு பள்ளம், வடிகால். ஸ்டீபன் போப்ஹாம் என்ற வழக்கறிஞர் 1780-களில் சீர்படுத்தித் தெருவாக்கினார். பள்ளத்துக்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. 1707-ல் தாமஸ் பிட் ஆளுநராக இருந்தபோது வலங்கை, இடங்கை என்ற இரு சாதித் தொகுதிகளுக்கு இடையே பூசல் முற்றி, பெத்தநாயக்கன்பேட்டை வலங்கையினருக்கு, முத்தியால்பேட்டை இடங்கையினருக்கு என்று பிரித்தார்கள். நடுத்தெருவில் நின்று "எந்தச் சாதி எந்தப் பக்கம்" என்று பட்டியல் போடாதீர்கள். சுற்றிக் கடை வைத்திருப்பவர்களில் அந்தக் குடும்பங்களும் இருப்பார்கள். அது வகுப்பறைப் பாடம். தெருவில் காட்ட வேண்டியது நிலத்தின் தாழ்வை மட்டும். மழை பெய்தால் தண்ணீர் இன்றும் எங்கே தேங்குகிறது என்று கடைக்காரரையே கேட்கலாம்.

தேவராச முதலி தெருப் பக்கம் சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும், பட்டணம் கோயில் என்பார்கள். பாரிமுனையில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே முடிகிறது. பழைய நகரத்தோடு இடிபட்ட கோயிலுக்குப் பதிலாக எழுந்தது இது. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று கட்டினார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்தை ஆதரித்தவரும் அவரே.

கடைசியில் கந்தகோட்டம். வள்ளலாரின் தெய்வமணிமாலையில் ஒரே பாட்டு, "ஒருமையுடன் நினதுதிரு மலரடி". ஈற்றடியில் "தருமமிகு சென்னையிற் கந்தகோட்டத்துள்வளர்" என்று ஊரும் கோயிலும் வரும். கறுப்பர் நகரம் என்று ஏட்டில் எழுதிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், அதே தெருக்களில் நடந்த ஒரு கவிஞர் வாயில் அது தருமம் மிகுந்த சென்னை. அந்த இடத்தில் வேறு விளக்கம் வேண்டாம். எல்லாரும் சேர்ந்து ஒருமுறை வாசித்தால் போதும். அவர் வாழ்ந்த வீடு ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில். நடக்கத் தெம்பிருப்பவர்கள் போகட்டும்.


நெய்தல்

காசிமேட்டை எடுத்தது சரி, ஆனால் கடலை விட்டுவிடாதீர்கள். திருவொற்றியூர்க் கோயிலிலிருந்து பட்டினத்தார் சமாதி நடந்து போகிற தூரம், கடலோரம். அங்கே கரை நெடுக மணலுக்குப் பதிலாகக் கருங்கல் கொட்டியிருப்பதைக் காட்டுங்கள். ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டு போகும். 1870-களில் தொடங்கி, 1881 புயலில் உடைந்து, மறுபடி கட்டிய துறைமுகத்தின் கற்கரங்கள் அந்த மணலை மறித்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே வர வேண்டிய மணல் வரவில்லை, அலை மட்டும் வந்தது. ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை கரை கரைந்தது, குப்பங்கள் பின்வாங்கின. மெரினாவை எல்லாரும் பார்த்திருப்பார்கள், அதற்கான விலையை இங்கே பார்ப்பார்கள். 5 நிமிடம் போதும். கல்லின் மேல் ஏறவிடாதீர்கள், பாசி வழுக்கும். வலை பின்னுகிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்கவும் விடாதீர்கள்.

சாலையைக் கடக்க வேண்டியிருக்கும், லாரிகள் வரும். ஆறு குழுவும் தனித்தனியாகக் கடக்கட்டும்.


மாலதி_தமிழ்த்துறை

அப்படியே எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக ஒன்று: எந்த ஞாயிறு என்று இன்னும் முடிவாகவில்லை. தவிர்க்க வேண்டிய நாள் ஏதும் உண்டா?


கொண்டித்தோப்பு_குமரன்

பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுத் தேதி போடுங்கள். பௌர்ணமியில் திருவொற்றியூர்க் கோயில் வடிவுடையம்மனுக்குக் கூட்டம் வரும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் ஆதிபுரீசுவரர் கவசம் திறப்பார்கள், அப்போது உள்ளே நின்று பேச வழியே இல்லை. கிருத்திகையில் கந்தகோட்டம் நிறைந்துவிடும். முகூர்த்த ஞாயிறு என்றால் இரண்டு கோயிலிலும் கல்யாணக் கூட்டம், மேளச் சத்தத்தில் உங்கள் குரல் எடுபடாது. புரட்டாசியில் சென்னகேசவர் கோயிலிலிருந்து திருப்பதிக் குடை கிளம்பி யானைகவுனி தாண்டுகிற நாளில் இந்தத் தெருக்களுக்குள் நுழையவே முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலம், பிராட்வேயில் முழங்கால் தண்ணீர் நிற்கும். தை கடைசி ஞாயிறோ மாசி முதல் ஞாயிறோ பாருங்கள், வெயில் ஏறியிருக்காது. மாசியில் திருவொற்றியூர்ப் பெருவிழாக் கொடியேற்றம் என்றைக்கு என்று செயல் அலுவலரிடம் கடிதம் கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.